மாதாவுக்கு நேர்ந்த எடை

“உன் உடம்பு உனக்கு மட்டும் சொந்தமில்ல ராணி. அது மாதாவுக்கு நேந்துக்கிட்டது. அதுல கத்தி வைக்கச் சொல்றதுக்கு நீ யாரு?”

“நேந்துக்கிட்டது நம்ம அம்மா. சொமக்கிறது நான். எந்த மாதா வந்து என் முழங்காலப் பிடிச்சு விட்டாங்க?”

“வாயக் கழுவு. திருவிழாவுக்கு மூணு மாசந்தான் கெடக்கு. இப்பப் போயி வயித்தக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னா நான் கமிட்டிக்கு என்ன பதில் சொல்றது?”

“வயிறு என்னோடது. பதிலு உன்னோடது. அவங்கவங்க சோலிய அவங்கவங்க பாத்துக்குவோம்.”

இந்த இடத்தில்தான் நான் வாசலுக்கு வந்து நின்றேன். அதற்கு முன்னால் பேசியதெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டதால் அரைகுறை. ஆனந்தகிரியில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்தாற்போல மலைச்சரிவில் இருக்கும். மேல் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் கீழ் வீட்டில் தீய்ந்த வாடை அடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அண்ணனும் தங்கையும் தொண்டையைத் திறந்தால், காதைப் பொத்திக்கொண்டு இருக்க நான் என்ன கன்னியாஸ்திரியா?

அண்ணன் பெயர் உபகாரம். மூஞ்சிக்கல்லில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். எங்கள் பங்குக் கோயில் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர். தலைவர் என்றால் கொடியேற்றத்தன்று வெள்ளை வேட்டி கட்டி, பங்குச் சாமியாருக்குப் பக்கத்தில் நின்று, யார் வந்திருக்கிறார்கள் என்று தலையை எண்ணுகிறவர். தங்கை சகாயராணி. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஸ்கூல் ஹாஸ்டலில் பிள்ளைகளின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் வேலை. கிழிந்ததைத் தைப்பது, பட்டன் வைப்பது, கம்பளி அடுக்குவது என்று உட்கார்ந்த இடத்தில் வேலை. எழுந்து நடப்பதுதான் அவளுக்குப் பாடு. பஜாரிலிருந்து வீட்டுக்கு ஏறி வர வழியில் மூன்று இடத்தில் நிற்பாள். மூச்சு வாங்குவதை மறைக்க, நின்ற இடத்தில் உள்ள வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பாள். அதனால் ஊரில் அவளுக்கு ரொம்ப அன்பான பொண்ணு என்று பேர்.

நேர்ச்சைக் கதை இதுதான். ராணி ஏழாம் மாசத்தில் பிறந்தாள். நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாளாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மாக்காரி மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டு, இந்தப் பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் திருவிழாவில் பிள்ளையின் எடைக்கு எடை உருளைக்கிழங்கு கோயில் அசனப் பந்திக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். முதல் வருஷம் ஒரு சொளகுக் கிழங்கு போதுமாக இருந்தது. மாதாவோ கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, பிறகு வளர்வதை நிறுத்த மறந்துவிட்டது. சொளகு கூடையாகி, கூடை மூட்டையாகி, அம்மா கண்ணை மூடுகிற காலத்தில் மன்னவனூரிலிருந்து கிழங்கு கொண்டுவர லாரியில் தனி இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குப் பிறகு உபகாரம் நேர்ச்சையைக் கையில் எடுத்தார். அதுவரை கோயில் பின்பக்கம் சத்தமில்லாமல் நடந்தது முன்பக்கத்துக்கு வந்தது. மண்டியிலுள்ள பெரிய தூக்குத் தராசைக் கொண்டுவந்து, மூன்று யூக்கலிப்டஸ் கம்பு நட்டுத் தொங்கவிடுவார். ஒரு தட்டில் பலகை போட்டு ராணி உட்காருவாள். மறு தட்டில் மூட்டை ஏறும். முள் நேருக்கு வந்ததும் கோயில் உபதேசியார் மைக்கில் எடையைச் சொல்வார். ஜனம் கைதட்டும். போன வருஷத்தைவிட எவ்வளவு கூட என்று இளவட்டங்கள் டீக்குப் பந்தயம் கட்டும். அசனப் பந்தியில் “ராணி வந்துட்டாளா” என்று யாராவது கேட்டால் கிழங்குக் கூட்டு வந்துவிட்டதா என்று அர்த்தம். நாங்களும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். கூட்டு நன்றாகத்தான் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில், எண்பத்தொன்றாம் வருஷம் மே மாத சீசனுக்கு வெஸ்லி டாக்டர் வந்தார். வெள்ளைக்காரப் பாதிரியாரின் மகன். இங்கேதான் பள்ளிக்கூடம் படித்தவர். அமெரிக்காவில் குண்டானவர்களுக்கு வயிற்றைச் சின்னதாக்கித் தைக்கிறவர் என்று பேச்சு. விடுமுறைக்கு வந்த இடத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் சில நாள் நோயாளிகளைப் பார்த்தார். அங்கே நர்ஸாக இருந்த லீலா, ராணியின் சிநேகிதி. அவள்தான் விஷயத்தைச் சொல்லி, நாளும் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அந்தச் செய்தி வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மேலே சொன்ன சண்டை.

சண்டையில் ராணி ஜெயித்தாள் என்று சொல்ல முடியாது. தோற்கவில்லை, அவ்வளவுதான். போவேன் என்றாள், போனாள். தடுக்க முடியாது என்று தெரிந்ததும் உபகாரம் அடுத்த வேலையை ஆரம்பித்தார். ஆபரேஷன் டாக்டரிடம் போகிறாள் என்றால் அன்றைக்கே ஆபரேஷன் என்றுதான் அவருக்குக் கணக்கு. அவருக்கு மட்டுமா, எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒன்று ஊசி, இல்லையென்றால் கத்தி. சும்மா பேசுவதற்கு ஒரு நாள் தனியாகக் கொடுப்பார்கள் என்று யார் கண்டது?

ஆகையால் முதல் நாள் சாயங்காலமே அடுக்கம் கிராமத்திலிருந்து சித்தப்பன் வீட்டார் வந்து இறங்கினார்கள். ராணியைப் பட்டினி போட்டார்கள். காலையில் வெள்ளனே சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, சாவக்கிடக்கிறவர்களுக்குச் சொல்கிற செபத்தைச் சொன்னார். உபகாரத்தின் மனைவி கித்தேரியம்மாள் பாய், கம்பளி, வெந்நீர் பிளாஸ்க், மாற்றுச் சேலை எல்லாம் கட்டினாள். கூடவே ஒரு வெள்ளைச் சேலையும் மூட்டைக்குள் போனதை நான் பார்த்தேன். எதற்கென்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே. மண்டி லாரியை ஓட்டுகிற சின்னக்கருப்பன் ஜீப் ஒன்றை இரவல் வாங்கிக் கொண்டுவந்தான். அவன் ஒருத்தன்தான் ராணியைப் பார்த்து, “சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டான். கித்தேரி அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். வழியெல்லாம் ஜெபமாலை. நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் கூட்டத்தைப் பார்த்து லீலாவே பயந்துபோனாள். யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்தாள். டாக்டர் அறைக்குள் முதலில் உபகாரம்தான் நுழைந்தார். நோயாளிக்கான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தங்கைக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஆரம்பித்தார். டாக்டர் உயரமான மனிதர், தலை நரைத்திருந்தது. சின்ன வயதில் சமையல்காரரிடம் கற்ற தமிழ். மரியாதையெல்லாம் அதில் கிடையாது. உபகாரத்தைப் பார்த்து நிதானமாக, “நீ வெளிய இரு. நான் அந்தப் புள்ளகிட்டப் பேசணும்” என்றார். கமிட்டித் தலைவரை ‘நீ’ என்றதும் உபகாரம் எழுந்த வேகத்தில் நாற்காலி ஆடியது.

ஆனால் ஆம்பளை டாக்டரோடு பொம்பளையைத் தனியே விடக்கூடாது, வீட்டார் பக்கம் ஒரு பெண் துணை வேண்டும் என்றாள் லீலா. கித்தேரியை அழைத்தாள். கித்தேரி அதற்குள் வராந்தா பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடி வியாகுலச் செபத்தில் இருந்தாள். பிளாஸ்க்கோடு நின்ற நான் உள்ளே போனேன். வேறு யார் போவது?

உள்ளே முதல் வேலை எடை. மிஷினில் ராணி ஏறியதும் முள் சரசரவென்று ஓடி ஓரத்தில் முட்டி நின்றது. அதற்கு மேல் அதற்குத் தெரியாது. டாக்டர் யோசிக்க ஆரம்பித்தார். போன ஆகஸ்டில் நூற்று முப்பத்தொன்றரை கிலோ என்று நான் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். மைக்கில் சொன்னார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நேர்ச்சை விவரத்தை நான் விரிவாக எடுத்துச் சொல்ல, ராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிறு பிள்ளையாய்க் கோயிலில் புதுநன்மை வாங்கிய வருஷம் எவ்வளவு, பெரியவளான வருஷம் எவ்வளவு, அம்மா செத்த வருஷம் எப்படிக் கூடியது என்று நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ராணியைப் பார்த்தார்.

“எங்க ஊர்ல யாரும் எடைய உண்மையாச் சொல்ல மாட்டாங்க. இங்க உன்னைப் பொய் சொல்லவே விடல போல.”

ராணி அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம் உயரம் அளந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கத் துணிப்பட்டை சுற்றினார்கள், அது எட்டவில்லை, பெரியது ஒன்றை லீலா தேடி எடுத்து வந்தாள். சர்க்கரை உண்டா, ராத்திரி படுத்துத் தூங்க முடிகிறதா, குறட்டை உண்டா, மூச்சு நின்று விழிப்பு வருகிறதா என்று கேட்டார். மாதவிலக்கு ஒழுங்கா என்றும் கேட்டார். இந்தக் கேள்விக்கெல்லாம் வெட்கப்படாமல் பதில் சொன்னாள். உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள் என்பது பக்கத்து வீட்டிலிருந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

எடையைக் குறைக்க இதுவரை என்னென்ன செய்தாய் என்று கேட்டார். கொள்ளு ரசம், வெந்நீரில் தேன், பழநி வைத்தியர் கொடுத்த கசப்புச் சூரணம், ஏரியைச் சுற்றி நடை, தவசுக் காலத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. தவசுக் காலத்தில் குறையும், உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் வட்டியோடு திரும்பி வரும். டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். இதில் அவருக்கு என்ன அக்கறை என்று எனக்குத் தோன்றியது. முயற்சி செய்து பார்க்காதவர்களுக்கு நான் கத்தியைத் தொடுவதில்லை என்றார்.

அடுத்து, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். இங்கேதான் ராணி சொதப்பினாள். வீட்டில் அதற்காக அவள் தயார் செய்து வைத்திருந்தாள். எப்படித் தயார்? சாமியாரிடம் பாவம் சொல்லப் போவதற்கு நாங்கள் எப்படித் தயார் செய்வோமோ அப்படி. நாற்காலியை விட்டு எழுந்து, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, “ஹாஸ்டல்ல மிஞ்சின பிரட்டு ரெண்டு துண்டு, கேக்காம எடுத்துத் தின்னேன். வெள்ளிக்கிழமை மாமிசம் விட்டேன், ஆனா அதுக்குப் பதிலா வடை தின்னேன். மதினிக்குத் தெரியாம முறுக்கு” என்று பாவசங்கீர்த்தனம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். அழுகை வேறு. டாக்டர் புராட்டஸ்டண்ட் பாதிரி மகன், பாவசங்கீர்த்தனமெல்லாம் அவர்கள் பக்கம் கிடையாது. முழித்தார். லீலா காதில் ஏதோ சொன்னாள்.

“உக்காரு தாயி,” என்றார். “நான் சாமியார் இல்ல. முறுக்கு பாவம் இல்ல. எப்பத் தின்னே, எவ்வளவு தின்னே, பசிச்சுத் தின்னியா, மனசு கெட்டுத் தின்னியா, அதுதான் எனக்கு வேணும்.”

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ஆகஸ்டில்தான் அதிகம் தின்பேன் என்றாள். ஏன் என்று கேட்டார். “நிறுக்கிறதுக்கு முன்னாடி பயத்துல திம்பேன். நிறுத்ததுக்கப்புறம் ரோசத்துல திம்பேன்.” அதை அவர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டார். இப்போது உன் வயிறு இவ்வளவு என்று பெரிய பேரிக்காய் ஒன்று வரைந்தார். நான் தைத்த பிறகு இவ்வளவு என்று அதன் தலையில் பிளம்ஸ் பழம் ஒன்று. அதற்கு மேல் போட்டால் வாந்திதான். ஆயுசுக்கும் மெதுவாக மென்று, கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். ஆயுசுக்கும் சத்து மாத்திரை. தலைமுடி கொட்டும். தோல் பையாகத் தொங்கும். ஒன்றிரண்டு வருஷத்துக்குக் கர்ப்பம் ஆகக் கூடாது. கல்யாணமே ஆகாதவளிடம் அதைச் சொன்னது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நூறு பேருக்கு இப்படிச் செய்தால் ஒருவரோ இரண்டு பேரோ செத்துப் போகிறார்கள் என்று நேராகவே சொன்னார். சந்தையில் சரக்கு விற்கிறவன் யாராவது சொத்தையை முதலில் எடுத்துக் காட்டுவானா? இவர் காட்டினார்.

“ஏன் செஞ்சுக்கணும்னு நெனைக்கிறே?”

“முழங்கால் தாங்கல. படுத்துத் தூங்கணும். அப்புறம், என்னை யாரும் நிறுக்கக் கூடாது.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அது நடக்காது தாயி. இத செஞ்சுக்கிட்டா நான் மாசா மாசம் நிறுப்பேன். அப்புறம் வருஷா வருஷம்.”

ராணி கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “கதவச் சாத்திக்கிட்டுத்தான நிறுப்பீங்க?”

“ஆமா.”

“மைக்கு இருக்காதுல்ல?”

“இருக்காது.”

“அப்ப நிறுத்துக்கங்க.”

கடைசியாக, வீட்டில் உனக்குத் துணையாக யார் இருக்கிறார்கள், அறுவை முடிந்து கஞ்சியை வடிகட்டிக் கொடுக்க, வாந்தி எடுத்தால் பிடித்துக்கொள்ள ஆள் யார் என்றார். வராந்தாவில் ஜெபமாலைச் சத்தம் கேட்டது. ராணி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் பக்கம் கையைக் காட்டி, “இந்த அக்கா இருக்கு” என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் என்ன சொல்வது? பிளாஸ்க் கையில் இருந்தது.

இன்றைக்குக் கத்தி கிடையாது என்றார் டாக்டர். ரத்தம் சோதிக்க வேண்டும், நெஞ்சுக்குப் படம் எடுக்க வேண்டும். அவர் சொல்கிற சாப்பாட்டில் எடையைக் கொஞ்சம் குறைத்துக் காட்ட வேண்டும். மழைக்கு முன்னால் இன்னொரு தடவை வந்து, மனதில் தோன்றுகிற கேள்வியையெல்லாம் கேட்க வேண்டும். அப்புறமும் வேண்டும் என்று சொன்னால், அவர் ஜனவரியில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வரும்போது செய்யலாம். வேண்டாம் என்று சொன்னாலும் கோபம் இல்லை, முழங்காலுக்கு வேறு வழி பார்க்கலாம். போய் முதலில் சாப்பிடு என்றார்.

வெளியே வந்தோம். ராணி சொந்தக் காலில் நடந்து வருவதைப் பார்த்ததும் கித்தேரி எழுந்து நின்றுவிட்டாள். இன்றைக்கு இல்லை என்று லீலா சொல்லி முடிப்பதற்குள் உபகாரம் கையை மேலே தூக்கினார். டாக்டரே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார், மாதா தடுத்துவிட்டாள் என்று அடுக்கத்துக்காரர்களிடம் சொன்னார். மூஞ்சிக்கல் போய்ச் சேர்வதற்குள் ஊருக்கே அது செய்தியாகிவிட்டது. ராணி மட்டும் ஜீப்பில் ஏறும்போது, “வேணாம்னு சொல்லல. யோசிச்சுட்டு வரச் சொல்லியிருக்காரு. நான் யோசிச்சாச்சு” என்றாள். சின்னக்கருப்பன் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, அவளுக்கு இட்லி வாங்கி வந்து கொடுத்தான். யாரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது தடவையும் போய் வந்தாள், இந்தத் தடவை கூட்டமில்லாமல். உபகாரம் சாமியாரைப் பிடித்துப் பிரசங்கம் வைக்கச் சொன்னார். சாமியார் நல்லவர், அசனத்துக்குக் கிழங்கும் வேண்டும் அவருக்கு. உடம்பு தேவாலயம் என்று ஆரம்பித்து, அதை இடிக்கவும் கூடாது, பழுது பார்க்காமல் விடவும் கூடாது என்று முடித்தார். இரண்டு கட்சியும் தங்களுக்காகத்தான் சொன்னார் என்று வீட்டுக்குப் போனது.

திருவிழா வந்தது. ஆகஸ்டு மாசத்து மஞ்சு புகைபோல இறங்கிக் கோயில் கோபுரத்தை மூடியிருந்தது. தராசு தொங்கியது, சின்னக்கருப்பன் மூட்டைகளை இறக்கி அடுக்கினான். உபதேசியார் மைக்கைத் தட்டி, நேர்ச்சைக்காரி சகாயராணி முன்னால் வரவும் என்று அழைத்தார். பெண்கள் வரிசையிலிருந்து ராணி எழுந்து போனாள். சாம்பல் நிறச் சேலை, தலையில் முக்காடு. வழக்கம்போல உட்காரப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இளவட்டங்கள் பந்தயம்கூடக் கட்டிவிட்டிருந்தார்கள். அவள் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, தராசுச் சங்கிலியைக் கையில் பிடித்தாள். உபதேசியார் மைக்கை அணைக்கவில்லை.

“நான் உயிரோட இருந்தா கெழங்கு குடுக்கிறதா எங்கம்மா நேந்துக்கிட்டாங்க. நான் உயிரோட இருக்கேன். கெழங்கும் வந்து எறங்கிருச்சு. நடுவுல இந்தத் தராசுக்கு என்ன சோலி?”

உபகாரம் சாமியார் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மானத்தை வாங்காதே, எடைக்கு எடை என்றுதான் நேர்ச்சை, உட்கார் என்றார். ராணி நகரவில்லை.

“எடைதான் வேணும்னா, அண்ணே, நீயும் அதே வயித்துல பொறந்தவந்தான. நீ உக்காரு. நானே மூட்டைய ஏத்துறேன்.”

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல், “உக்காருங்கண்ணே” என்றது. அப்புறம் பத்துக் குரல். அப்புறம் பெண்கள் பக்கமும். பந்தயம் கட்டியவர்களுக்கு யாருடைய எடையானால் என்ன? உபகாரம் சாமியாரைப் பார்த்தார். சாமியார் ஜெபப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கமிட்டி ஆட்கள் கோபுரத்து மஞ்சைப் பார்த்தார்கள். மாதாவுக்கு முன்னால், ஜனத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தட்டு தரையில் தட்டியது. சின்னக்கருப்பன் ஒரு மூட்டை வைத்தான், அரை மூட்டை வைத்தான், கூடையால் கொஞ்சம் கொட்டினான். உபதேசியார் பழக்க தோஷத்தில் மைக்கில் சொல்லிவிட்டார், தொண்ணூற்று நாலு கிலோ என்று. ஜனம் கைதட்டியது. ஒவ்வொரு வருஷமும் தட்டுகிற அதே கைதட்டல்தான். தட்டில் உட்கார்ந்திருந்த உபகாரத்தின் முகத்தைப் பார்த்தபோது, அது எப்படிக் கேட்கும் என்று எங்களில் சிலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் கித்தேரி என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“ஒரு தடவ நிறுத்ததுக்கே இந்த மனுசன் நேத்துலருந்து சோறு திங்கல, மண்டிக்குப் போகல, போர்வைய இழுத்து மூடிக்கிட்டுக் கெடக்காரு. அவ பொறந்ததுலருந்து உக்காந்திருக்கா. நாமளும் பாத்துக்கிட்டுத்தானக்கா இருந்தோம்.”

ஜனவரியில் ராணியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது நானில்லை, கித்தேரிதான். உபகாரம் ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் ஒப்பமிட மாட்டேன் என்றார். கித்தேரி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து அவரிடம் சொன்னாள். அந்தச் சண்டையும் தெருவுக்குக் கேட்டது, ஆனால் குரல் ஒன்றுதான், கித்தேரியுடையது. நான் வடிகட்டித் தருவதாகச் சொன்ன கஞ்சிக்கு வேலை இல்லாமல் போனது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ராணி சாகவில்லை. காய்ச்சல் வந்தது, தையலில் சீழ் பிடித்தது, ஒரு மாசத்துக்கு மேல் கீழேயே கிடந்தாள். மார்ச்சில் மண்டி லாரியின் முன்சீட்டில் திரும்பி வந்தாள். தலைமுடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. அரை இட்லியை அரை மணி நேரம் தின்றாள். நான் ஆசையாகச் செய்துகொண்டு போன ஆட்டுக்கால் சூப்பை மூன்று ஸ்பூன் குடித்துவிட்டுக் கும்பிடு போட்டாள். சில நாள் வாந்தி எடுத்து, எதற்கு இதைச் செய்தேன் என்று கித்தேரியிடம் அழுததும் உண்டு. ஆனால் மழைக்காலம் வருவதற்குள் பஜாரிலிருந்து ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறி வந்தாள். யாரையும் நலம் விசாரிக்கவில்லை. தலைக்கனம் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டோம்.

எவ்வளவு குறைந்தாள்? அதுதான் தெரியாது. லீலாவைக் கேட்டேன், உதட்டைப் பிதுக்கினாள். கித்தேரியைக் கேட்டேன், “நல்லா இருக்கா” என்றாள். ராணியிடமே ஒரு நாள் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “எதுக்குக்கா, கெழங்கு வாங்கப் போறீங்களா?” என்றாள். பிறந்தது முதல் ஊருக்கே மனப்பாடமாக இருந்த ஒரு விஷயம் அந்த வருஷத்தோடு நின்றுபோனது. மழை வரும்போல இருக்கிறது என்று கமிட்டி அடுத்த திருவிழாவில் தராசைக் கட்டவில்லை. அதற்கடுத்த வருஷம் அந்தக் காரணம்கூடச் சொல்லவில்லை. கிழங்கு மட்டும் வந்தது.

லீலா எண்பத்துமூன்றில் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய், அங்கேயே கேரளாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ராணிக்கு வரன் வர ஆரம்பித்தது. இத்தனை வருஷம் எங்கே இருந்தார்களோ, தாண்டிக்குடி எஸ்டேட் ரைட்டர் முதல் திண்டுக்கல் வாத்தியார் வரைக்கும் வந்து பார்த்தார்கள். எல்லாரையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டு, எண்பத்துநாலில் பெரியகுளம் ரிஜிஸ்டர் ஆபீசில் சின்னக்கருப்பனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனை ஞானஸ்நானம் வாங்கச் சொல்லவும் இல்லை. ஊர் ஆறு மாசம் பேசியது, அதில் பாதி நான் பேசியது. இரண்டு பேரும் அங்கேயே சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கி ஓட்டினார்கள். அவள் ஒரு ஹாஸ்டலில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். கித்தேரி மாசத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய் வருகிறாள். உபகாரம் மண்டியை விற்றுவிட்டு மன்னவனூர்த் தோட்டத்தோடு போய்விட்டார். அவருடைய மூத்த மகளைத்தான் எங்கள் உபதேசியார் மகன் கட்டியிருக்கிறான். நல்ல பொண்ணு, கொஞ்சம் ஒல்லி.